வெண்கலக் கோடரியும் உப்புத் தண்ணீரும்

என் வீட்டு அலமாரியில் ஏழு பழங்கால வெண்கல ஆயுதங்கள் இருக்கின்றன. ஐந்து போலி. மீதி இரண்டைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் மனிதனுக்குச் சில நம்பிக்கைகள் தேவைப்படுகின்றன.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்துக்கொண்டு ஈட்டிமுனை, உளி, அம்புத்தலை என்று படம் போட்டு, ஒருவர் பொருளை இன்னொருவர் போலி என்று நிரூபித்து மகிழ்வோம். அங்கேதான் ஒரு காலையில் அந்தப் படம் வந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு கோடரித் தலை. கைப்பிடிக்குத் துளையில்லாத தட்டைக் கோடரி, உள்ளங்கை நீளம், வெட்டுவாய் விசிறி போல விரிந்திருந்தது. மேலெல்லாம் கரும்பச்சைக் களிம்பு. கீழே ஒரு வரி: 'இது என்ன சாமான்? ஆருக்கும் தெரியுமா?' ஒரு மணி நேரத்தில் படம் காணாமல் போனது. அதற்குள் நான் சேமித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நம் தெற்குப் பக்கம் கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவியவர்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். வெண்கலத்தில் கிண்ணம் செய்தார்கள், வளையல் செய்தார்கள், மை தீட்டக் குச்சி செய்தார்கள். வெட்டுவதற்கு வெண்கலம் என்பது அபூர்வம். ஆகவே இலங்கையின் மேற்குக் கரையில் ஒரு வெண்கலக் கோடரி என்றால் ஒன்று அது போலி, அல்லது படித்தவர்கள் தப்பு. நான் வாழ்நாள் முழுவதும் இரண்டாவதற்காகக் காத்திருப்பவன்.

படம் போட்டவர் பெயர் ரிஸ்வி, ஊர் புத்தளம். எழுதிக் கேட்டேன். பதில் வர இரண்டு வாரம் ஆனது. 'வாங்க. ஃபோனில கதைக்க ஏலாது.'

"அந்த நாட்டுச் சட்டம் தெரியுமில்ல?" என்றாள் மனைவி. "பழம்பொருளைக் கடத்தினா உள்ள வைப்பாங்க. பார்க்கலாம், தொடலாம். பைக்குள்ள வைக்கக் கூடாது." நான் சத்தியம் செய்தேன். அவள் அதை நம்பவில்லை, நானும்தான்.

முதல் நாள் பஸ்ஸிலேயே இறங்கவேண்டிய இடம் தப்பிவிட்டது. திருச்சிப் பக்கத்து பஸ்களில் பாட்டு பாடும். இங்கே பாட்டுக்குள் பஸ் ஓடுகிறது. அந்த இரைச்சலில் கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ கத்த, புத்தளம் வந்துவிட்டதென்று பெட்டியோடு குதித்தேன். மதுரங்குளி. புத்தளத்துக்கு இன்னும் அரைமணி நேரப் பயணம். ஒரு கடையில் ஒதுங்கி ரிஸ்விக்குப் போன் செய்தேன். "அசையாம நில்லுங்க சேர். ஆரோடயும் என்ன விசயமா வந்தீங்க எண்டு கதைக்க வேணாம்" என்றார். அதுவரை எனக்குப் பசி மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர், "எங்க போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, "சும்மா" என்றேன். கையில் இருபது கிலோ பெட்டியோடு சும்மா வந்த மனிதனை அவர் இரக்கத்தோடு பார்த்து ஒரு பிளேன்டீ கொடுத்தார்.

ரிஸ்வி த்ரீவீலரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். விடிகாலையில் களப்பில், அதாவது கடற்கழியில், வலை; பகலில் த்ரீவீல். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "வாங்க பாய்" என்றேன். "இங்க அண்ணனுக்கு நானா எண்டு சொல்லுங்க சேர். பாயெண்டா நாங்க விரிச்சுப் படுக்கிறது" என்று சிரித்தார். ஆனால் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மாடுகள் மட்டும் வந்தன.

கோடரி இருந்தது அவருடைய அக்காள் வீட்டில். பாலாவிச் சந்தியில் திரும்பி, கல்பிட்டி ரோட்டில் கொஞ்ச தூரம். அக்காள் பரீதா, அவர் கணவர் நிஸாம்தீன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு ஒரே நாளில் விரட்டப்பட்டு, கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். முதலில் ஓலைக்கொட்டில், பிறகு தகரம், இப்போது ஓட்டு வீடு. நிஸாம்தீனுக்கு உப்பளத்தில் வேலை. குறைவாகப் பேசுகிறவர். பேசாமலிருக்கும்போது அவர் என்ன நினைக்கிறார் என்று யோசித்தே எனக்கு வியர்த்துவிட்டது.

வந்ததும் வராததுமாக, "கோடரியைக் கழுவிடலையே? புளி போட்டுத் தேய்ச்சிடலையே?" என்றேன். அந்தக் களிம்பில்தான் அதன் வயது இருக்கிறது. தேய்த்துவிட்டால் அது வெறும் பித்தளைச் சாமான்.

"தேச்சுப் பளபள எண்டு வைக்கத்தான் பாத்தன்" என்றார் பரீதா. "தம்பி விடல்ல."

முதலில் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து நடுவில் வைத்து, ஆண்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். சஹன் என்கிறார்கள். வாழையிலையில் எல்லைகள் தெளிவாக இருக்கும். இங்கே என் பக்கம் எதுவரை என்று தெரியாமல், ஒரு அங்குலம் சோற்றை மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தேன். ரிஸ்வி இறாலையும் மீன் தலையையும் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். "சேர், எல்லை காக்காதீங்க. சாப்பிடுங்க." நிஸாம்தீன் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

கோடரி அரிசி வாளிக்குள்ளிருந்து வந்தது. பழைய துணி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு துணி. கையில் வாங்கினேன். கனம் சரியாக இருந்தது. குளிர்ச்சி சரியாக இருந்தது. என் நெஞ்சுதான் சரியாக இல்லை.

எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எங்கே கிடைத்தது? பொருளில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. கிடைத்த இடம் தெரியாத கோடரி பேப்பர் வெயிட். கேட்டேன்.

"எங்கட வாப்பாட பெட்டிக்குள்ள கிடந்தது" என்றார் நிஸாம்தீன்.

ரிஸ்வி அதே நேரத்தில், "களப்பில, வலையில வந்தது" என்றார்.

உள்ளேயிருந்து பரீதா குரல் கொடுத்தார்: "பழைய இரும்பு எடுக்கிறவன் ஒருத்தன் தந்தது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கோடரியைப் பார்த்தேன். போலி, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். விற்கிறவர்களுக்குக் கதை சரியாகப் பாடமாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் விலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அது இன்னும் மோசம். போலி விற்கிறவன் விலை சொல்வான். இவர்கள் யார்?

இரண்டாம் நாள் விடிந்ததும் தெருவில் ஒரு பியானோ மெட்டு மெல்லியதாக நெருங்கி வந்தது. போலீஸ் வண்டிக்கு இங்கே இப்படித்தான் சங்கு ஊதுமோ என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். பாண் விற்கும் த்ரீவீலர். சுடச்சுடப் பாண், தேங்காய்ச் சம்பல், பருப்பு. நம் ஊரில் ரொட்டி நோயாளிக்கு; இங்கே அதுதான் காலை உணவு. பயந்தவனுக்கும் நன்றாகத்தான் இறங்குகிறது.

பகல் வெளிச்சத்தில் சோதனையைத் தொடங்கினேன். லென்ஸ், மென்மையான பிரஷ், மனைவியின் நகப்பூச்சு நீக்கும் திரவம். போலிக் களிம்பு என்றால் பெயிண்டும் பசையும்தான். இந்தத் திரவத்தில் பச்சையாகப் பஞ்சில் ஒட்டும். பரீதா பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை நீங்க நகத்துக்குப் பாவிக்கிறதா?" என்று கேட்டார். விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை; என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மூன்று முறை துடைத்தேன். லென்ஸில் களிம்பு உலோகத்துக்குள்ளேயே வளர்ந்திருந்தது தெரிந்தது. குழிகளுக்குள் கல்லாக இறுகிய மண். சிவப்பு மண்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடம் போலிகளையே பார்த்தவனுக்கு அசல் கையில் கிடைத்தால் வாய் நிற்காது. "இது வலையில் வரலை நானா. கடல்ல கிடந்தா சிப்பி ஒட்டியிருக்கும், களிம்பு மாவா உதிரும். பெட்டியிலயும் கிடக்கலை. இது செம்மண். இந்தப் பக்கத்து மணலே இல்லை. ஆளுயரத்துக்குக் கீழ, ஈரமில்லாத நிலத்தில, ரெண்டாயிரம் வருஷமாவது அசையாமக் கிடந்திருக்கு. செம்மண் பூமியில கிணறு வெட்டும்போது கிடைச்சதா?"

கைதட்டலை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். நிஸாம்தீன் கோடரியின் மேல் துணியைப் போட்டு மூடினார். ரிஸ்வி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். பரீதா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பாத்தா எல்லாருக்கும் இப்பிடித் தெரியுமா?" என்று கேட்டார்.

"விஷயம் தெரிஞ்ச யாருக்கும் அரைமணி நேரம் போதும்" என்றேன் பெருமையாக.

அன்று பகல் சாப்பாட்டில் யாரும் மீனை என் பக்கம் தள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை புறப்பட்டேன். எனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அந்த வீட்டில் இருந்தது. கோடரியை ஒரு முறை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மனம் என்னவோ அதைக் கொடுக்கவில்லை. பரீதா வழிக்கு ஒரு பொதி கட்டித் தந்தார். "கட்டாக் கருவாடு. உங்கட வீட்டில குடுங்க. ஊருக்குப் போய்த்தான் பிரிக்கோணும், வழியில வேணாம். மணக்கும்."

சிலாபத்தில் பஸ் மாற இறங்கினேன். பையின் பட்டை தோளை அறுத்தது. கருவாடு இவ்வளவு கனக்குமா? பஸ் நிலையத்து மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பொதிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கருவாடு, கருவாடு, துணி, பிளாஸ்டிக், துணி. விரல் நுனிக்கு அந்தக் குளிர்ச்சி தெரிந்தது.

முதலில் தோன்றியது சந்தோஷம்; அதை மறைக்கப் போவதில்லை. அலமாரியில் எந்த இடத்தில் வைப்பது என்பதுவரை போனேன். அடுத்துத் தோன்றியது விமான நிலையத்தில் பையை ஊடுருவிப் பார்க்கும் எந்திரம். கருவாட்டுக்கு நடுவே, விசிறி வடிவில், ஒரு கோடரி. அதற்கடுத்து அதிகாரியின் கேள்வி. அது என் கேள்விதான்: எங்கே கிடைத்தது? நான் அடி தாங்கமாட்டேன். அடிக்கவே வேண்டாம், சற்றுக் குரலை உயர்த்தினாலே பாலாவிச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதுவரை சொல்லிவிடுவேன். கம்பி எண்ணப்போவது நான் மட்டுமல்ல.

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாள், மடியில் பலாக்காய். முந்தலுக்குக் கிட்ட பஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறினார். யாரையோ தேடுகிறார்கள் போல. ஒவ்வொரு பையாகத் தட்டிக்கொண்டு வந்தவர் என் பையின் முன் நின்று சிங்களத்தில் கேட்டார். "உள்ளுக்கு என்ன எண்டு கேக்கிறார்" என்றார் அந்த அம்மாள் தமிழில்.

"கருவாடு" என்றேன். என் குரல் எங்கோ தலைமன்னாரிலிருந்து வந்தது.

போலீஸ்காரர் ஜிப்பைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு முகத்தையும் கையையும் ஒரே வேகத்தில் வெளியே எடுத்தார். என் நெற்றி வியர்வையைப் பார்த்து ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மொழிபெயர்த்தார்: "வேர்க்கிற மாதிரிப் பாத்தா தங்கமாத்தான் இரிக்கோணுமாம். இந்தியாவில கருவாடு இல்லையா எண்டும் கேக்கிறார்." நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் திறந்திருந்தது நினைவிருக்கிறது.

பரீதா என்னை வாசலில் பார்த்ததும், "அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்தார். பரிசைத் திருப்பிக் கொடுத்தால் மனம் புண்படுமே என்று வழியெல்லாம் மன்னிப்பு வாசகங்கள் தயாரித்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு. "ஆரும் கண்டாங்களா? ஆரும் கேட்டாங்களா?"

"ஏம்மா எனக்கு இந்தப் பரிசு?"

"பரிசில்ல சேர்" என்றார் நிஸாம்தீன். அந்த வீட்டில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். "நீங்க சொன்னது சரி. கிணறு வெட்டக்க வந்தது. எங்கட சொந்தக் காணியில. தொண்ணூறில விட்டுட்டு வந்த காணி. காடாப் போச்சு. எத்தின வருசம் கந்தோர் கந்தோரா அலைஞ்சு, இப்பதான் துப்புரவாக்க விட்டாங்க. காணிக் கடிதம் இன்னும் கைக்கு வரல்ல. இப்ப இது அங்க வந்தது எண்டு கதை போனா?"

"தொல்பொருள் கந்தோர்க்காரங்க வந்து எல்லைக்கல்லு நட்டுடுவாங்க" என்றார் பரீதா. "பழைய காலத்து இடம், ஆரும் குடியிருக்க ஏலாது எண்டு. நட்டதை நான் காணல்ல. நடுவாங்க எண்டுதான் எல்லா ஊரிலயும் கதை. எங்களுக்கு ரெண்டாந்தரமும் எழும்பிப் போக ஏலாது சேர்."

"நான் விசர்த்தனமாப் படத்தைப் போட்டுட்டன்" என்றார் ரிஸ்வி. "களப்பில வீசுவம் எண்டா மச்சான் விடுறாரில்ல."

"எப்பிடி வீசுற?" என்றார் நிஸாம்தீன். "அது ஆரோ ஒருத்தன்ட கைச்சாமான். எங்கட மண்ணுக்குள்ள, எங்கள நம்பி, அமானிதமாக் கிடந்தது. வைச்சிருக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது, வீசவும் ஏலாது. இவருக்கு அருமை தெரியும், இவர்ட நாட்டில ஆரும் எங்கட காணியைத் தேடி வரமாட்டாங்க எண்டு நினைச்சம்."

எந்தக் காணி, எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயர்களும் இவையல்ல. கோடரி என்று எழுதியிருப்பது கோடரிதானா என்றும் நிச்சயமாக நம்ப வேண்டாம்.

கோடரியை நடுவில் வைத்து நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன். "அந்தத் தொல்பொருள் கந்தோர்லயே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. வலையில வந்ததுன்னு. களப்புல எல்லைக்கல் நட முடியாது."

"பொய்" என்றார் நிஸாம்தீன்.

"பொய்யில்ல மச்சான்!" ரிஸ்வி துள்ளி எழுந்தார். "கொண்டுபோய்க் களப்பில போடுவம். வலையைப் போட்டு எடுப்பம். வலையில வந்ததுதானே?" நிஸாம்தீன் கண்ணை மூடி, அந்த வாதத்தை மார்க்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

பரீதா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "விசயம் தெரிஞ்ச ஆளுக்கு அரைமணித்தியாலம் போதும் எண்டீங்க."

சொன்னேன்தான்.

என் பல்துலக்கும் பிரஷை எடுத்துவந்தேன். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு குழியாகச் செம்மண்ணைக் குத்தி எடுத்தேன். அந்த மண்ணில் எத்தனை இருந்ததோ: எரித்த கரி, தானியத்தின் உமி, கைப்பிடியின் மரத்தூள். படித்தவர்கள் தப்பென்று காட்ட உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி சட்டித் தண்ணீரில் கலங்கியது. பரீதா அதை வாங்கிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார்.

"களிம்பு?" என்றார் ரிஸ்வி.

"உப்பு வேணும். நிறைய."

உப்பளக்காரர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நிஸாம்தீன் ஒரு பழைய வாளியில் கையால் அள்ளிப் போட்டுக் கரைத்தார். ஒரு நாள் ஊறட்டும், ஒரு நாள் வெயிலில் காயட்டும், மறுபடி ஊறட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். உப்பு வெண்கலத்துக்குள் போனால் பிறகு நிற்காது, உள்ளேயிருந்து தின்னும். அருங்காட்சியகங்களில் இதைத் தடுக்கத்தான் ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் குழுவில் யாராவது உப்புக் கையால் ஒரு பொருளைத் தொட்டாலே நான் ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருக்கிறேன்.

"நீங்கதான் போடோணும்" என்றார் நிஸாம்தீன். "அறிஞ்ச ஆள்."

போட்டேன். ஒன்றிரண்டு குமிழிகள் வந்தன.

நான்காம் நாள் விமான நிலையத்தில் என் பையில் கருவாட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் வியர்த்தது. ஊருக்கு வந்து மனைவியிடம் கருவாட்டைக் கொடுத்தேன். அவள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "உங்க டூத் பிரஷ் எங்க?" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வாட்ஸப்பில் படம் வந்தது. முருங்கை மரத்தடியில், வெயிலில், ஒரு சாக்கின் மேல் கோடரி. அந்தக் கரும்பச்சை முழுக்கப் போயிருந்தது. அங்கங்கே வெளிறிய பச்சை மாவு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. விசிறி போன்ற வாயில் ஒரு மூலை அரித்துப் போயிருந்தது. 'இவ்வளவு அரிச்சது காணுமா சேர்?' என்று கேட்டிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். ஒரு குழியில் மட்டும் இன்னும் அந்தச் செம்மண் இருந்தது.

'நல்லா வருது' என்று எழுதினேன். 'இன்னும் பத்து நாள்.'